கோட்டு நுனியில் ஒரு பொட்டு

மெத்தைக் கடை மாடியில் காலை ஒன்பது மணிக்கே கால் வைக்க இடமில்லை. மெத்தைக் கடை என்று பெயர்தான். அது திவாலாகி ஒரு வருடம் ஆகிறது. வாடகை மலிவு என்று அந்தக் கூடத்தைப் பிடித்துக்கொண்டவர் லோடிங் சித்தர். அவரைப் பார்க்கத்தான் இத்தனை கூட்டம். படிக்கட்டில் ஒரு வரிசை, அதன் பக்கத்தில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியபடி இன்னொரு வரிசை. கீழே சலவைக் கடை வாசலில் இரண்டும் துணிமூட்டைக்காரர்களோடு கலந்துபோய், யார் எதற்கு நிற்கிறார் என்றே தெரியாது. போன வாரம் ஒரு அம்மாள் வரிசை மாறி மேலே வந்து, சித்தர் காலடியில் இரண்டு போர்வையை வைத்து, "நாளைக்குள்ள கிடைக்குமா?" என்று கேட்டாள். சித்தர் கண்ணை மூடி, "எல்லாம் வெளுக்கும்" என்றார். கூட்டத்துக்குப் புல்லரித்துவிட்டது. போர்வை இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

கூடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை, உள்ளே விளக்கெரிந்து பளபளவென்று நிற்கும். கறுப்புப் பின்னணியில் நீளமாக ஒரு பச்சைக் கோடு. கோட்டுக்கு மேலே 'லோடிங்' என்று ஒரு சொல், கீழே '99%'. அவ்வளவுதான். அந்தக் கோட்டைப் பார்க்கத்தான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வருகிறார்கள் மனிதர்கள்.

எதற்கு? ஒரு வீடியோ கேம் கம்பெனிக்காக. அந்தக் கம்பெனி முன்னொரு காலத்தில் 'குகை' என்று ஒரு விளையாட்டை வெளியிட்டது. குகைக்குள் மாட்டிக்கொண்டவன் வெளியே வர வேண்டும். ஊர் உலகமே பைத்தியமாகி விளையாடியது. இரண்டாம் பாகமும் வந்தது. மூன்றாம் பாகம் வருகிறது வருகிறது என்று ஆறு வருடமாகச் சொல்கிறார்கள். இடையில் வயிற்றுப்பாட்டுக்கு ஒரு மீன்பிடி விளையாட்டு விட்டார்கள். அதில் கடைசிவரை ஒரு மீன்கூட மாட்டவில்லை. அப்புறம் ஒரு கார் பந்தயம். எல்லாக் காரும் பின்பக்கமாக மட்டுமே ஓடியது. கம்பெனியின் ஷேர் விலை அந்தக் கார்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கம்பெனி ஒரு கடிதம் மட்டும் தவறாமல் போடும். அதன் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "குகை மூன்றாம் பாகம் விரைவில்..."

அந்தக் கோடு சாதாரணக் கோடு இல்லை, கம்பெனியின் உயிர் மூச்சு என்பது சித்தரின் உபதேசம். நம்பிக்கை கூடக்கூடக் கோடு நகரும். நூறைத் தொட்ட அன்று விளையாட்டு வெளியாகும். ஷேர் நூறு மடங்கு ஏறும். ஆனால் ஒன்று, ஷேரைச் சித்தர் கையால்தான் வாங்க வேண்டும். வெளியே வாங்கினால் அது வெறும் காகிதம், இங்கே வாங்கினால்தான் அதில் 'லோடிங்' இருக்கும். அதற்காகவே மூலையில் ஒரு மேஜை, மேஜையில் கட்டுக்கட்டாக ஃபாரம், ஃபாரத்துக்குப் பின்னால் சித்தரின் மச்சான்.

சித்தர் சக்கரம் வைத்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கழுத்தில் ஹெட்போன், கையில் கேம் ஆடும் ரிமோட். காலில் விழுபவர் தலையில் அந்த ரிமோட்டை வைத்து ஒரு பட்டனை அழுத்துவார். "உனக்கு இன்னும் மூணு உயிர் பாக்கி இருக்கு, போ" என்பார். ஒரு உயிரையே ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் மூன்று கிடைத்த சந்தோஷத்தில் நேராக மச்சான் மேஜைக்குப் போவார்கள்.

தினமும் சரியாகப் பதினொரு மணிக்குக் கூடத்தின் தரை அதிரும். பலகை நடுங்கும், கோடு துடிக்கும். "நகர்ந்துச்சு! நகர்ந்துச்சு!" என்று கூட்டம் அலறும். சித்தர் கண்ணைத் திறக்காமலே, "தொண்ணூத்தொம்பது புள்ளி நாலு" என்று அறிவிப்பார். கீழே சலவைக் கடையில் எட்டு மெஷினும் ஒரே நேரத்தில் துணி பிழிய ஆரம்பிப்பதும் பதினொரு மணிக்குத்தான். அது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். நமக்கெதற்குப் பொல்லாப்பு?

இந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்று முதல் ஆளாக "நகர்ந்துச்சு" என்று கத்துபவர் கண்ணாடிக்காரர். அடுத்த தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் பார்வை சரி செய்து கொடுப்பவர். சிரிக்காதீர்கள், பாவம், நல்ல மனிதர்.

கடையில் முன்பக்கம், வருபவர் இரண்டு கண்ணுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளப்பது அவர், பின்பக்கம் அவர் மனைவி. கண் சோதிப்பது, லென்ஸ் வெட்டுவது, தேய்ப்பது, ஃபிரேமில் பொருத்துவது எல்லாம் கண்ணாடிக்காரம்மாதான். கல்யாணமான இரண்டாவது வருடம் இருவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய லென்ஸ் வெட்டும் மெஷின் பின்னறையில் இருக்கிறது. அவள் கை பட்டால் அரை மில்லிமீட்டர்கூடத் தப்பாது.

அவளிடம் இன்னொரு வித்தையும் உண்டு. கண்ணில் ஒரு குறையும் இல்லாமல், கண்ணாடி போட்டால் மரியாதை என்று சிலர் வருவார்கள். அப்படி வந்த ஒருவருக்கு அன்று சோதனை ஃபிரேமில் ஒரு வில்லையைச் செருகி, "இப்ப எப்படி இருக்கு சார்?" என்று கேட்டாள்.

"ஆகா! மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்மா! எழுத்தெல்லாம் எழுந்து வந்து நிக்குது!"

"இது வெறுங்கண்ணாடி சார். ஜன்னல்ல போடுறது."

வந்தவர் அசடு வழிந்துகொண்டே போய்ச் சேர்ந்தார். கண்ணாடிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மனுஷனுக்கு என்ன தோணணுமோ அதுதான் தெரியுது பாரேன்!" என்று தத்துவம் வேறு பேசினார். பேசிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால். செருப்பை மாட்டிக்கொண்டு மெத்தைக் கடை மாடிக்கு ஓடினார்.

அவர் திரும்பி வந்தபோது கடைவாசலில் முன்பின் தெரியாத ஒருவன் டேப்பை வைத்துக் கதவின் அகலத்தை அளந்துகொண்டிருந்தான். கண்ணாடிக்காரம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"யாருங்க இவரு? நம்ம மெஷினு இந்தக் கதவு வழியா வெளிய போகுமான்னு அளக்குறாராம்."

கண்ணாடிக்காரர் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் டேப்போடு வந்துவிட்டது.

"அது வந்தும்மா... நாளைக்குச் சாயந்திரம் வந்து எடுத்துக்குறேன்னாரு. நல்ல விலை. அதை அப்படியே ஷேர்ல போட்டா..."

"மெஷினை வித்துட்டு? லென்ஸை நான் பல்லால கடிச்சு வடிவம் கொண்டுவரவா?"

"விளையாட்டு ரிலீஸ் ஆகட்டும், பத்து மெஷின் வாங்கித் தர்றேன்."

"பத்து மெஷினை வச்சு ஓட்ட எனக்கு இருபது கையா இருக்கு?"

டேப்புக்காரன் குடும்ப விவகாரத்தில் நமக்கென்ன என்று நழுவினான். கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தடவை நிச்சயம்மா. கம்பெனி லெட்டர் வந்திருக்கு. எப்பவும் 'விரைவில்'னு போட்டு மூணு புள்ளி வைப்பான். இந்தத் தடவை நாலு புள்ளி! அங்க வர்ற கணக்கு வாத்தியாரே எண்ணிப் பாத்துட்டாரு."

"நாலாவது அச்சுப்பிழையா இருக்கும்."

"பிழைன்னா அதை ஏன் அச்சடிக்கிறான்?"

"சரி, புள்ளி இருக்கட்டும். கோடு தினமும் நகருதுன்னு சொல்றீங்களே, எவ்வளவு நகருது?"

"இத்துனூண்டு." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினாற்போல் காட்டினார்.

"நேத்து?"

"இத்துனூண்டு."

"ஆறு வாரமா தினம் இத்துனூண்டு. இந்நேரம் அது பலகையைத் தாண்டி, சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள்ள போயிருக்கணுமே?"

"கோடு நகர நகரப் பாதையும் நீளுதாம். சித்தர் சொன்னாரு."

கண்ணாடிக்காரம்மா அவரையே பார்த்தாள். கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. பதினைந்து வருடம் ஒன்றாக இருந்த மனிதர். ஒரு மில்லி தப்பினால் கண்ணாடியைத் திருப்பித் தேய்க்கச் சொல்லும் மனிதர்.

"நாளைக்குக் காலைல நானும் வர்றேன்," என்றாள். "அந்தக் கோடு நகர்றதை என் கண்ணால பாத்துட்டேன்னா, மெஷினை நானே தூக்கி வண்டியில வைக்கிறேன். நகரலைன்னா அந்த டேப்புக்காரன் நம்ம வாசல் பக்கமே வரக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்!" கண்ணாடிக்காரர் துள்ளிக் குதித்தார். ஆள் மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தார்.

மறுநாள் பத்தரை மணிக்குக் கூடத்தில் அவளுக்கு மரியாதையாக முன்வரிசையில் இடம் விட்டார்கள். "வீட்டம்மாவையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா! நம்பிக்கை கூடுது, இன்னைக்குக் கோடு பாயும் பாருங்க" என்றார் கணக்கு வாத்தியார். பக்கத்தில் பல் டாக்டர், அவருக்குப் பக்கத்தில் லிஃப்ட் மெக்கானிக். படித்தவர்கள், கைத்தொழில் தெரிந்தவர்கள். சொத்தையைச் சுரண்டிப் பார்க்காமல் பல்லைத் தொடமாட்டார் டாக்டர். கயிற்றை இழுத்துப் பார்க்காமல் லிஃப்டில் ஏறமாட்டார் மெக்கானிக். மூளையை மட்டும் மூன்று பேரும் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

கண்ணாடிக்காரம்மா கை கூப்பினாள். "ஐயா, ஒரு சின்ன ஆசை. அந்தக் கோட்டு நுனியில ஒரு பொட்டு வச்சுக்கட்டுமா?"

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. அவர்கள் கடையில் பொட்டு வைப்பது என்றால் ஒரே அர்த்தம்தான். லென்ஸின் நடு எங்கே என்று மார்க்கர் பேனாவால் புள்ளி குத்துவது. கூட்டத்துக்கு அது தெரியுமா? "பொட்டு வைக்கிறாங்களாம்! கோட்டுக்குப் பொட்டு வைக்கிறாங்களாம்!" என்று உருகிவிட்டது. பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சித்தர் முகம் சற்றே கோணியது. பலகைக்கு முன்னால் கயிறு கட்டி, யாரும் தொடக்கூடாது என்று வைத்திருந்தவர் அவர். ஆனால் இவ்வளவு பக்தியை மறுக்கவும் முடியவில்லை. "ம்... லேசா வைம்மா. அழுத்தாதே."

அவள் கயிற்றைத் தாண்டினாள். கைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்து, பச்சைக் கோடு முடியும் இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள். விரல் அங்கே ஒரு நொடி கூடுதலாக நின்றதைக் கண்ணாடிக்காரர் மட்டும் கவனித்தார். அப்புறம் கண்ணளவு பார்க்கும் சின்ன ஸ்கேலை எடுத்து நீட்டினாள்.

"என்னங்க, பொட்டுல இருந்து இந்த மரச்சட்டம் வரைக்கும் எவ்வளவுன்னு படிங்க. எனக்குக் கை நடுங்குது."

அவள் கை நடுங்கி அவர் பார்த்ததே இல்லை. இருந்தாலும் படித்தார். "அறுபத்திரெண்டு மில்லி."

"எதுக்கும்மா அளக்குறீங்க?" என்றார் பல் டாக்டர்.

"கோடு எவ்வளவு பாயுதுன்னு ஊருக்குச் சொல்ல வேணாமா?"

"அதானே!" என்றது கூட்டம். கணக்கு வாத்தியார் நோட்டில் அறுபத்திரண்டு என்று எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டார்.

மணி பதினொன்று. தரை அதிர்ந்தது. பலகை நடுங்கியது. கூட்டம் ஓவென்று அலறியது. "நகர்ந்துச்சு!" என்று கண்ணாடிக்காரரும் பழக்கதோஷத்தில் கத்திவிட்டார். சித்தர் நாற்காலியில் இரண்டு சுற்றுச் சுற்றி நின்று, "தொண்ணூத்தொம்பது புள்ளி ஏழு!" என்றார். கீழே துணி பிழிந்து முடிந்தது. தரை அடங்கியது.

கண்ணாடிக்காரம்மா திரும்பினாள். "எவ்வளவுங்க நகர்ந்துச்சு?"

"ஒரு விரற்கடை," என்றார் கணக்கு வாத்தியார்.

"ஒரு கடைவாய்ப்பல் அகலம்," என்றார் பல் டாக்டர்.

"சும்மா அரை மாடிக்கு மேல ஏறிச்சு," என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

"பொட்டு எங்க இருக்குன்னு பாருங்க."

பார்த்தார்கள். கோட்டு நுனியில் வைத்த பொட்டு கோட்டு நுனியிலேயே இருந்தது. கூட்டம் கழுத்தை நீட்டி இன்னொரு தடவை பார்த்தது.

சித்தர் சளைத்தவரா? "பொட்டும் சேந்து நகர்ந்துடுச்சு!" என்றார்.

"ஆமா! பொட்டும் சேந்து நகர்ந்துடுச்சு!" கூட்டத்துக்கு உயிர் திரும்பி வந்தது. கைதட்டல் வேறு.

"சரி. அப்ப சட்டத்துக்கும் பொட்டுக்கும் நடுவுல தூரம் குறைஞ்சிருக்கணும் இல்லையா?" அவள் ஸ்கேலை மறுபடி புருஷன் கையில் வைத்தாள். "படிங்க."

கண்ணாடிக்காரர் குனிந்தார். முதுகில் இருநூறு கண்கள். ஸ்கேலைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அறுபது என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியும்? அறுபது என்றால் மாடிவீடு, பத்து மெஷின், ஊரே எழுந்து நின்று வணக்கம் சொல்லும். ஆறு வாரமாகக் கத்தியதெல்லாம் வீணில்லை என்றாகும். இந்த ஸ்கேலில் அவர் இதுவரை ஒரு பொய் படித்ததில்லை. படித்திருந்தால் ஊரில் பாதிப் பேர் இந்நேரம் சுவரில் முட்டிக்கொண்டு இருப்பார்கள். வெட்கமாக இருந்தது. அழுகை வரும்போலவும் இருந்தது.

"அறுபத்திரெண்டு," என்றார்.

"சத்தமா."

"அறுபத்திரெண்டுதான்யா! ஒரு மயிரிழை நகரலை!"

"சட்டமும் சேந்து நகர்ந்துச்சு!" சித்தர் எழுந்துவிட்டார்.

"அப்ப சுவர்?" என்றார் லிஃப்ட் மெக்கானிக் மெதுவாக.

"சுவரும்தான்!"

"கட்டடம்?"

"கட்டடமும்! தெருவும்! மொத்த ஊரும் நூறை நோக்கிப் போயிட்டிருக்கு!"

"ஊரே போயிட்டிருந்தா நான் எதுக்குத் தினமும் பஸ் பிடிச்சு வர்றேன்?" என்று கேட்டது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ஆறு வாரத்தில் அந்தக் கூட்டத்திலிருந்து வந்த முதல் உருப்படியான கேள்வி அதுதான்.

கண்ணாடிக்காரம்மா அதற்குள் பலகையின் பின்னால் கை விட்டு பிளக்கைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. கம்பெனியின் உயிர் மூச்சு அணையவில்லை. கோடு மங்கலாக அப்படியே இருந்தது. வெளிச்சம் போனதும் அதன் வலது மூலையில் பொடி எழுத்து தெரிந்தது. கண்ணாடிக்காரர்தான் படித்தார். "எல்லா அளவுகளிலும் பேனர் அச்சிட்டுத் தரப்படும்."

"பேனரா!" என்றார் கணக்கு வாத்தியார்.

"பொட்டு வைக்கும்போதே விரல்ல சுருக்கம் தட்டுப்பட்டுச்சு," என்றாள் அவள். ஓரத்தை நகத்தால் நெருடி ஒரே இழுவையாக இழுத்தாள். கோடு, தொண்ணூற்றொன்பது, லோடிங், பொட்டு எல்லாம் சுருண்டு தரையில் விழுந்தன. அடியில் மெத்தைக் கடையின் பழைய விளம்பரம். பஞ்சு மெத்தையில் ஒரு பெண் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே கொட்டை எழுத்தில்: 'கவலையை விடுங்கள். நன்றாகத் தூங்குங்கள்.'

ஆறு வாரமாக அதன் முன்னால்தான் நின்றிருக்கிறார்கள்.

மச்சான் ஃபாரம் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படிக்கட்டைப் பார்த்தான். லிஃப்ட் மெக்கானிக் வழியை அடைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்காரம்மா ஒரு ஃபாரத்தை உருவினாள். "எல்லாரும் கையெழுத்துப் போட்டீங்களே, 'விற்பவர்'னு போட்டிருக்கே, அங்க யார் பேருன்னு படிச்சீங்களா?"

யாரும் படிக்கவில்லை. விற்பவர் சித்தர்தான். விற்ற ஷேர் அத்தனையும் அவருடைய சொந்தச் சரக்கு.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்," என்றாள். "நாளைக்கு நூறு மடங்கு ஏறும்னா, இன்னைக்கு நீங்க எதுக்கு விக்கிறீங்க?"

சித்தர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். நாற்காலி சக்கரத்தில் உருண்டு போய் விளம்பரத்துப் பெண்ணின் காலடியில் முட்டி நின்றது. ஹெட்போனைக் கழற்றினார். "நானும் உங்கள மாதிரி ஒருத்தன்தாங்க," என்றார். குரல்கூட மாறிவிட்டது. "விலை உச்சத்துல இருக்கும்போது வாங்கி மாட்டிக்கிட்டேன். அப்பவும் ஒருத்தர் இருந்தாரு. அவர் கிளியை வச்சுச் சொன்னாரு."

"அதுக்காக எங்க தலையில கட்டுவியா?" என்று பாய்ந்தார் பல் டாக்டர். ஃபாரங்கள் பறந்தன. இன்னும் கம்பெனிக்குப் போகாதவற்றைக் கிழித்துப் போட்டுவிட்டு, சித்தர் பெட்டியிலிருந்து அவரவர் பணத்தை அவரவர் வாங்கிக்கொண்டார்கள். போன மாதமே வாங்கியவர்களுக்கு ஷேர்தான் மிச்சம். போர்வைக்கார அம்மாள் அந்தச் சந்தடியில் உள்ளே புகுந்து தன் போர்வைகளை எடுத்துக்கொண்டு போனாள். அவை வெளுத்திருக்கவில்லை.

சாயந்திரம் டேப்புக்காரன் வண்டியோடு வந்தான். கண்ணாடிக்காரர் வாசலிலேயே நின்று, "கதவு சின்னதுங்க, போகாது" என்று திருப்பி அனுப்பினார். பின்னறையில் மெஷின் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் போய்ப் பக்கத்தில் நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"அறுபதுன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன்," என்றாள் அவள், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நானும்தான்," என்றார் அவர்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் காலை கடை திறக்கும்போது வாசலில் முப்பது பேர் நின்றார்கள். முன்னால் கணக்கு வாத்தியார். அவர் கையில், மூன்று மாதம் ஆகும் முன்பே வந்துவிட்ட கம்பெனியின் புதுக் கடிதம்.

"பொட்டம்மா!" என்றார் தழுதழுத்த குரலில். "அந்த ஆள் போலி. நீங்கதான் நிஜம். உங்க பொட்டுதானே உண்மையைக் காட்டுச்சு! இந்தாங்க, இந்தத் தடவை 'விரைவில்'லுக்கு அப்புறம் அஞ்சு புள்ளி. உங்க பேனாவால ஆறாவதா ஒண்ணு வச்சுக் குடுத்தீங்கன்னா..."

கண்ணாடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அவர் மனைவி சோதனை ஃபிரேமை எடுத்து வாத்தியார் மூக்கில் மாட்டி, இரண்டு கண்ணுக்கும் வில்லையைச் செருகினாள்.

"இப்ப எப்படி சார் இருக்கு?"

வாத்தியார் கடிதத்தைத் தூக்கிப் பார்த்தார். "ஆகா! புள்ளி ஒவ்வொண்ணும் ஜொலிக்குதும்மா! ஏதோ அசையுற மாதிரிகூட இருக்கு!"

"வெறுங்கண்ணாடி சார்," என்றாள் கண்ணாடிக்காரம்மா. "கண்ணுல கோளாறுன்னா நாங்க பாத்துக்குறோம். கண்ணுக்கு மேல ஒண்ணு இருக்கே, அதை நீங்கதான் எடுத்து உபயோகிக்கணும். இன்னும் பிரிக்காம புதுசாவே வச்சிருக்கீங்க."